பெட்ரோல் மூடியில் வைத்த சந்தனம்

ஒரு பெண் குழந்தை ஏறினால் கார் நின்றுவிடும் என்று பெரியவர்களால் எப்படி நம்ப முடிந்தது? முப்பத்திரண்டு வயதாகியும் எனக்கு விடை தெரியவில்லை. சென்ற ஞாயிறு விக்கிரவாண்டி அருகே சாலையோரம் நின்றபோதும் அதையேதான் யோசித்தேன்.

கார் பெரியப்பாவுடையது. விழுப்புரத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. ஆயுத பூஜையன்று சந்தனம் வைப்பது என் வேலை. தையல் மெஷின், அரிவாள்மணை, கார் சக்கரம், கடைசியில் பெட்ரோல் மூடி. மூடிக்கு மட்டும் தாராளமாக அப்புவேன். பெட்ரோலும் சந்தனமும் கலந்த வாசனைக்காகத்தான், வேறு பக்தி எதுவும் இல்லை.

அந்த விடுமுறையில் திண்டிவனத்துக்குப் பெரியம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போவோம். வருடத்தில் அந்த ஒரு முறைதான் எனக்குக் கார். பாதி வழியில் அது இருமி நின்றுவிடும். மூன்று வருடம் இதே கதை.

"இது ஏறிக்கினு வந்தாலே பேஜாருதான். எறக்கி விடுங்க, அவங்க அப்பாகூட பஸ்ஸுல வரட்டும்" என்பார் பெரியம்மா.

அப்பா அண்ணியை எதிர்த்துப் பேசமாட்டார். நாங்கள் இறங்கியதும் பெரியப்பா மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பெட்ரோல் பார்த்து மூடுவார். வண்டி கிளம்பிவிடும். பின்கண்ணாடி வழியாகப் பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பெரியப்பாவுக்குப் பிறகு அவர் மகன், என் அண்ணன், காரைப் புதுப்பித்து வைத்திருக்கிறான். இப்போது சந்தனம் வைப்பது பெரியம்மாவே. ஞாயிறன்று திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது வண்டி நின்றது. பெரியம்மா என் ஆறு வயது மகளைப் பார்த்தார்.

"உங்கம்மா ராசி உனக்கும் ஒட்டிக்கிச்சா? எறங்கு பாப்பா."

"நான் என்னம்மா பண்ணேன்?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

அவளோடு இறங்கிப்போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, அது நிறையக் காய்ந்த சந்தனம். ஒன்றும் புரியாமல் மூடிவிட்டேன். வண்டி கிளம்பியது.

"பாத்தியா, எறங்கினதும் ஓடுது" என்றார் பெரியம்மா. நானும் மகளும் பஸ்ஸில் வந்தோம்.

மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கேட்டேன். "பெட்ரோல் கீழ எறங்கணும்னா மேல காத்து போவணும் மேடம். ஓட்டைய அடச்சா கொஞ்ச தூரம் ஓடி நின்னுடும். மூடியத் தெறந்தா மறுபடி ஓடும்" என்றார்.

ஆக, அன்று வண்டியை நிறுத்தியது என் ராசி அல்ல, என் கை. இதைச் சொல்ல அப்பா இல்லை. என்னைச் சுமந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்ற அந்த மனிதரிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம்.

இந்த வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணை அந்தக் காரில்தான் அழைத்துப் போகிறார்கள். எங்களைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டார்கள். துளை இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை. பட்டுப்புடவையோடு பெரியம்மா புழுதியில் நிற்பதைத் தினமும் நினைத்துப் பார்க்கிறேன், இனிக்கிறது. உடனே அந்தச் சாலையில் லாரிகள் வரும் வேகம் நினைவுக்கு வருகிறது. கல்யாணப் பெண் எனக்கு என்ன செய்தாள்? சொன்னாலோ, அந்த நாள் சந்தனம் யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். "அன்னைக்கே சொன்னேன்ல, இவதான்னு" என்பார் பெரியம்மா.

பிள்ளை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். அண்ணனிடம் ஓசையில்லாமல் சொல்லி ஓர் ஊசியைக் கொடுத்துவிடட்டுமா? இல்லை, பெரியம்மா முதலில் என் மகளிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று நிற்கட்டுமா? வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.