பதினாறு எலிகளின் இதயம்

வாலைப் பிடித்து எலியைக் கூண்டின் கம்பி மூடியின் மேல் விட்டால், அது முன்னங்கால்களால் கம்பியைப் பற்றிக்கொண்டு ஓடப் பார்க்கும். அந்த நொடியில் கழுத்துக்குப் பின்னால் பென்சிலை வைத்து அழுத்தி, வாலைச் சட்டென்று இழுக்க வேண்டும். டக். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் அவள் இப்படிப் பதினோராயிரம் எலிகளுக்கு மேல் கொன்றிருந்தாள்.

அவள் கறிக்கடைக்காரர் மகள். அப்பா போன பிறகு கடை தம்பி கைக்கு வந்தது. கீழே கடை, மாடியில் அவள். காலையில் படி இறங்கும்போது அவன் கட்டையின் முன் நின்று தொடையைத் துண்டு போட்டுக்கொண்டிருப்பான்.

“என்னக்கா, இன்னிக்கு எத்தனை உருப்படி?”

“பன்னெண்டு.”

“நான் வெட்டினா நாப்பது வீட்ல அடுப்பெரியும். நீ வெட்டினா?”

“பேசிட்டே வெட்டாதடா. விரலும் சேர்ந்து எடைக்குப் போயிடும்.”

“காலங்காத்தால அக்காவைச் சீண்டலேன்னா இவருக்குக் கத்தி ஓடாது,” என்பாள் தம்பி மனைவி, உள்ளேயிருந்து.

அவள் ஆராய்ச்சி தைமஸ் என்ற உறுப்பைப் பற்றியது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்தின் தலையில் வெள்ளையாக இரண்டு மடல். உடம்பின் காவலுக்கான டி செல்கள் அங்கேதான் வளர்கின்றன. வளர்கின்றன என்பதைவிட அங்கே சாகின்றன என்பதுதான் சரி. எதையும் அடையாளம் காணத் தெரியாதது சாகும். சொந்தச் சதையின் மேலேயே பாய்வதும் சாகும். நூறில் மூன்றோ நான்கோ உயிரோடு வெளியே வரும்.

அவளுடைய கேள்வி சின்னது. புற்றுநோய்க் கட்டியும் சொந்தச் சதைதான். அப்படியென்றால், சொந்தச் சதையின் மேல் பாயும் செல்களில் கொஞ்சத்தைச் சாகாமல் தப்பவிட்டால் என்ன? ஒன்பது வருடம் இதிலேயே போனது. இடையில் கல்யாணம் ஒன்று வந்து, இரண்டே வருடத்தில் முடிந்தது. கடைசியில், கட்டி வளர்ந்திருந்த இருபது ஆண் எலிகளுக்குத் தப்பவிட்ட செல்களை ஊசியில் ஏற்றினாள். மூன்று வாரத்தில் இருபதிலும் கட்டி கருகி உதிர்ந்தது. ஊசி போடாதவை எல்லாம் அதற்குள் செத்திருந்தன.

அவளோடு கூடப் படித்தவன் பெரிய மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவன். செய்தி கேட்டதும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் வார்டில் ஒரு லாரி ஓட்டுநர் கிடந்தான். வயது இருபத்தாறு. முதுகில் மச்சமாகத் தொடங்கிய புற்று நுரையீரல் வரை போய்விட்டது. நான்கு மாதம் தாங்கினால் அதிகம். வெள்ளிக்கிழமை மருத்துவமனைக் குழு கூடி ஒப்புதல் கொடுத்தால் முதல் ஊசி அவனுக்குத்தான்.

திங்கட்கிழமை காலை எலிகள் இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் ரத்த வாடை அடித்தது.

பெரிய கூண்டு ஒன்றில், ஊசி போட்ட இருபதில் பத்து எலிகள். நான்கு செத்துக் கிடந்தன. ஒன்றின் வயிறு கிழிந்து குடல் மரத்தூளில் புரண்டிருந்தது. உயிரோடிருந்த ஆறும் ஒன்றையொன்று விலகி நின்று மூச்சிரைத்தன. அவள் பார்க்கும்போதே ஒன்று இன்னொன்றின் முதுகில் ஏறி வாலடியைக் கடித்தது. கீச்சென்ற சத்தம் அறை முழுக்கப் பரவியது.

எலிகளைப் பார்த்துக்கொள்பவரைக் கூண்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் கதவோரம் நின்றார்.

“யாரு இதுங்களை ஒண்ணா போட்டது?”

“நான்தாம்மா. சனிக்கிழமை கூண்டு கழுவுற மெஷின் நின்னு போச்சு. சுத்தமான கூண்டு பத்தலை. ரெண்டு கூண்டுல இருந்ததை ஒரே கூண்டுல...”

“ஆணையும் ஆணையுமா? பதினோரு வருஷம் இந்த வேலை பாக்கறீங்க!”

“அட்டையைப் பாத்துட்டுத்தாம்மா போட்டேன். பத்தும் ஒரே தாய், ஒரே ஈத்து. கூடப்பிறந்ததுங்க சண்டை போடாதுன்னு...”

“பொறந்த மூணு வாரத்துல பிரிச்சு வெச்சதுங்க! பிரிச்சு வெச்சா அண்ணனாவது தம்பியாவது. வாசனை மறந்துடும். குரல்வளையைத்தான் கடிக்கும்!”

கையில் இருந்த கம்பி மூடியை வீசினாள். அது அவர் காதோரத்தைச் சீவிக்கொண்டு சுவரில் மோதி விழுந்தது. அவர் காதைத் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் ரத்தம்.

“இன்னொண்ணு வீசணும்னாலும் வீசுங்கம்மா,” என்றார். “தப்பு என்னுதுதான்.”

அவள் பஞ்சை எடுத்து அவர் காதில் அழுத்தினாள். பிறகு அவரே ஆறையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டார். செத்த நான்கையும் அவள் தட்டில் எடுத்துப் போனாள்.

மூன்றில் கடி எண்ண முடியாத அளவு இருந்தது. பின்புறத்தில், வாலடியில், வயிற்றில்; நெஞ்சும் கிழிந்திருந்தது. நான்காவதைப் புரட்டிப் பார்த்தாள். மயிரை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

நெஞ்சைக் கத்தரித்துத் திறந்தாள். இதயம் சிவப்பாக இல்லை. கொழுப்புப் படர்ந்த இறைச்சிபோல வெள்ளைக் கோடுகள். உறையவைத்துச் சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். தசை நார்களுக்கு நடுவில் டி செல்கள் எறும்புபோல மொய்த்திருந்தன. அவள் தப்பவிட்ட செல்கள். கட்டியைத் தின்று முடித்துவிட்டு இதயத்துக்கு வந்திருந்தன.

கூண்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலும் சண்டையில செத்துச்சுன்னே எழுதிடுங்கம்மா. ஒரே கூண்டுலதானே கிடந்துச்சு? நானே கையெழுத்துப் போடறேன். என் தப்பால அந்த லாரிக்காரப் புள்ளை பொழைச்சா பொழைச்சிட்டுப் போகட்டும்.”

எழுதலாம். எழுதினால் யாருக்கும் தெரியாது. அவள் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். சண்டையில் செத்தவை என்ற இடத்தில் மூன்று கோடு போட்டாள். அதை நான்காக்க இன்னும் ஒரு கோடு போதும்.

“மீதி பதினாறையும் கொண்டு வாங்க,” என்றாள்.

“எதுக்கு?”

“திறந்து பாக்கணும்.”

“அதுங்க பொழைச்சதுங்கம்மா! ரத்தம் எடுத்துப் பாத்தா ஆகாதா?”

“ரத்தத்துல சந்தேகம்தான் தெரியும். நிச்சயம் தெரியாது.”

“நோய்ல தப்பிச்சு, சண்டையில தப்பிச்சு... உங்க கைக்கா வரணும்?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார். கொண்டு வந்தார். ஆனால் பிடித்துக் கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

டக். நெஞ்சு. இதயம் தட்டில். டக். ஏழாவது எலி திரும்பிக் கட்டைவிரலைக் கடித்தது. கையுறைக்குள் சூடாக ஈரம் பரவியது. அவள் விடவில்லை. பத்தாவதில் கை தவறி இழுப்புப் பாதியில் நின்றது. எலி சாகாமல் துடித்தது. இன்னொரு முறை இழுத்தாள். கூண்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

மறுநாள் மதியம் கணக்கு முடிந்தது. பதினாறில் ஆறு இதயங்கள் தின்னப்பட்டிருந்தன. பத்து சுத்தம்.

அவள் மருத்துவனுக்குப் போன் செய்தாள்.

“உனக்கென்ன கிறுக்காடி?” அவன் கத்தினான். “பொழைச்சதையெல்லாம் கொன்னுட்டு எனக்குப் போன் பண்றியா? வெள்ளிக்கிழமை நான் எதைக் காட்டறது?”

“ஆறு இதயத்தைக் காட்டுடா. ஏற்கெனவே செத்தது ஒண்ணு. ஏழு.”

“எலி வேற, மனுஷன் வேற.”

“கட்டி போனப்ப மட்டும் எலியும் மனுஷனும் ஒண்ணா இருந்தாங்களே?”

அந்தப் பக்கம் இழுபறிச் சத்தம். யாரோ போனைப் பிடுங்கினார்கள். இளம் குரல், மூச்சு வாங்கியது.

“நான் லாரி டிரைவர் பேசறேன். என்னை வெச்சுத்தானே பேசறீங்க? நேராவே சொல்லுங்க.”

அவள் சொன்னாள். இதயம், வெள்ளைக் கோடு, ஏழு எலி. எதையும் குறைக்கவில்லை.

“மீதி?”

“பத்து நல்லா இருந்துச்சு. மூணை மத்ததுங்க கடிச்சுக் கொன்னுடுச்சு. அதுங்க இதயம் கிழிஞ்சு போச்சு, பாக்க முடியலை.”

“அந்தப் பத்து பொழைச்சிருக்கும்ல?”

“பொழைச்சிருக்கும்.”

“இப்ப எங்க அதுங்க?”

“செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். கொல்லாம உள்ள பாக்க முடியாது.”



“பாதிக்குப் பாதி பொழைக்கிற ரோட்ல நான் தினமும் வண்டி ஓட்டினவன்க்கா. போடுங்க.”

“போட மாட்டேன். எது இதயத்துக்குப் போகுதுன்னு கண்டுபிடிச்சு அதை மட்டும் எடுக்கணும்.”

“எவ்ளோ நாள் ஆகும்?”

“எட்டு மாசம். ஒரு வருஷம்கூட ஆகலாம்.”

“எனக்கு நாலுதான்!” என்றான் அவன். பிறகு அலறினான். “எலியையெல்லாம் கொன்னுட்டு, இப்ப என்னையும் நீயே கொல்றியா? எங்க இருக்கே நீ? சொல்லு, நேர்ல வரேன்!”

இரும்பு எதுவோ கவிழ்ந்தது. கண்ணாடி உடைந்தது. மருத்துவன் ஆட்களைக் கூப்பிட்டான். பிடிங்க, காலைப் பிடிங்க என்று ஒரு பெண் குரல். அவன் திமிறுவதும் இருமுவதும் கேட்டன. இருமல் நிற்கவில்லை.

அவள் ஆய்வுக்கூடத்தின் விலாசத்தைச் சொன்னாள். தெரு, கட்டடம், இரண்டாம் மாடி, இடப்பக்கக் கதவு. யார் காதிலாவது விழுந்ததா என்று தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.