பன்னிரண்டு நிமிடச் சாப்பாடு

1. ஆறாவது ஸ்டேஷன்

அன்று எங்கள் லாரி பதினோரு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

ஒரகடத்தில் நாங்கள் கார் சீட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். கார் கம்பெனியில் வண்டிகள் எந்த வரிசையில் வருகின்றனவோ, அதே வரிசையில் சீட்டுகளை ஏற்றி அனுப்ப வேண்டும். எங்கள் லாரி தாமதமானால் அங்கே அவர்களுடைய லைன் நின்றுவிடும். நின்றால் போன் வரும். போன் வந்தால் எங்கள் பிளான்ட் மேனேஜர் நடக்கமாட்டார், ஓடுவார்.

நான் ஐ.இ. டிபார்ட்மென்ட்டில் சீனியர் இன்ஜினியர். ஐ.இ. என்றால் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால், ஒரு ஆபரேட்டருக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நின்று, அவர் செய்வதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை செகண்டு ஆகிறது என்று எழுதி, எதை வெட்டலாம் என்று பார்ப்பது. லைனில் எனக்கு 'செகண்டு சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். உள்ளூர எனக்கு அது பிடித்தும் இருந்தது.

மேனேஜர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பாலு, ஆறாவது ஸ்டேஷன்தான் பாட்டில்நெக். அறுபத்திநாலு செகண்டு எடுக்குது. எனக்கு அம்பத்தெட்டு வேணும். நாளைக்கு இல்ல, இன்னிக்கு."

ஆறாவது ஸ்டேஷனில் முத்துமாரி இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். மாத்தூரில் ஐந்து பேரோடு ஒரு ரூமில் தங்கியிருந்தாள். நுரை மெத்தைமேல் கவரை இழுத்துப் போட்டு, குனிந்து, ஓரம் முழுக்க க்ளிப் அடிப்பது அவள் வேலை. கை சுத்தம். ஒரு சீட் முடிந்ததும் பின்பக்கம் திரும்பி, அங்கிருந்த பெட்டியிலிருந்து ஒரு கை க்ளிப் அள்ளிக்கொண்டு அடுத்த சீட்டுக்கு வருவாள். அந்தத் திரும்பலுக்கு ஆறு செகண்டு ஆனது. எனக்கு வேண்டியதும் ஆறு. பெட்டியைத் தூக்கி அவள் முன்னால் வைக்கச் சொன்னேன்.

"சார், அது பொறத்தாலயே இருக்கட்டும் சார்" என்றாள்.

"ஏம்மா?"

"திரும்பும்போதுதான் சார் இடுப்ப நிமித்துதேன். குனிஞ்சமானிக்கே நின்னா முடியாது சார்."

"லஞ்சுல நிமித்திக்கம்மா" என்றேன்.

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் படிவத்தில் அந்த ஆறு செகண்டுக்கு நேராக 'தேவையற்ற அசைவு' என்று எழுதினேன். நாலு மணிக்குள் ஸ்டேஷன் ஐம்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் என் போட்டோ.

நாலு மாதம் கழித்து எச்.ஆர். லிஸ்டில் அவள் பெயருக்கு நேராக 'அப்ஸ்காண்டிங்' என்றிருந்தது. சொல்லாமல் நின்றுவிட்டவர்களுக்கு அப்படித்தான் போடுவார்கள். லைன் லீடரிடம் கேட்டேன்.

"இடுப்பு வலி சார். ரூமக் காலி பண்ணிகினு ஊருக்கே பூட்டா."

"அப்படியா? ஆறுல இப்ப யாரு நிக்கிறது?" என்று கேட்டேன். இதை நான் கேட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2. வீட்டுக்கு ஒரு சார்ட்

ஐம்பத்தெட்டு வயதில் ரிட்டயர் ஆனேன். மாலை, சால்வை, பிரியாணி எல்லாம் முடிந்து இரண்டாவது மாதம், குன்றத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கஸ்தூரி அப்படியே சரிந்து விழுந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. "ம்", "ஆ" இரண்டும்தான் மிச்சம். நாம் பேசுவது அவளுக்குப் புரியும். பதில்தான் வராது. கோயம்புத்தூரிலிருக்கும் மகள் வந்து ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு, லீவு தீர்ந்து போனாள்.

அடுத்தவனாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பான். நான் சார்ட் போட்டேன். ஆறு பத்துக்குப் பல் துலக்கல், ஆறரைக்குக் காபி, ஏழுக்கு உடம்பு துடைத்தல் என்று கட்டம் கட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எதையாவது கட்டம் போட்டு வைத்தால் பாதி பயம் போய்விடும். எனக்கு அப்போது இருந்தது பயம்தான். அதற்குப் பொறுப்பு என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

அவளால் சரியாக விழுங்க முடியாது. நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் கொடுத்து, ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த வாய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. எனக்கு அது பொறுக்கவில்லை. இட்லியைப் பாலில் போட்டு மிக்ஸியில் அடித்தேன். கிண்ணத்தை இடது பக்கம் மாற்றினேன். ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்த ஸ்பூன் தயாராக உதட்டருகே இருக்கும். ஒரே மாதத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

அவள், "அம்மா என்ன சொல்றாங்கப்பா?" என்றாள்.

"அவ இன்னா சொல்லுவா, பாவம்."

ஆனால் கஸ்தூரி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஐந்தாறு ஸ்பூனுக்குப் பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவாள். "இன்னும் நாலே ஸ்பூன்தான், முடிஞ்சிரும்" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவேன். ஒரு வியாழக்கிழமை காலையில் அப்படித் திருப்பிக் கொடுத்தபோது புரையேறியது. இருமக்கூட அவளுக்குத் தெம்பில்லை. முகம் நீலம் பாரித்து, பிறகு தெளிந்தது. மறுநாள் காய்ச்சல். உணவு நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி, மூக்கில் குழாய்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். "வீட்ல யார் சார் ஊட்டுறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"ஒரு வேளைக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

"பன்னெண்டு நிமிஷம் மேடம்." அப்போதுகூட என் குரலில் ஒரு மிடுக்கு இருந்திருக்க வேண்டும்.

அவர் திட்டவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்புறம் எங்கயாவது போகணுமா சார்?"

எங்கும் போக வேண்டியதில்லை. கம்பெனி பஸ் இல்லை, ஷிப்ட் இல்லை, லாரி இல்லை. மிச்சப்படுத்திய இருபத்து மூன்று நிமிடத்தை நான் பேப்பர் படித்துத்தான் தீர்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, மருந்துக்கடை வரிசையில் போய் நின்றேன்.

3. தேசம்மா

மூன்று வாரம் கழித்துக் குழாயை எடுத்தார்கள். வாய்வழியாகவே கொடுக்கலாம், ஆனால் போதுமான அளவு சாப்பிடாவிட்டால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

கஸ்தூரி எனக்கு வாய் திறக்கவில்லை. ஸ்பூனைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். கெஞ்சினேன், மன்னிப்புக் கேட்டேன், ஒருநாள் கத்தியும்விட்டேன். தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு குடிப்பாள். நாலே நாளில் கன்னம் ஒட்டிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, கஸ்தூரியைப் பார்த்துக்கொள்ள தேசம்மா வந்தாள். சேரப்பணஞ்சேரிக்காரி. முன்பு ஒரு ஃபேக்டரி கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். வந்த முதல் நாளே மதியம் கஸ்தூரி ஒரு கிண்ணம் பருப்புசாதம் முழுக்கச் சாப்பிட்டாள். நான் சமையலறை வாசலில் மறைந்து நின்று பார்த்தேன். பழக்க தோஷம், கடிகாரத்தையும் பார்த்தேன். நாற்பத்தெட்டு நிமிடம்.

தேசம்மா என்ன வித்தை செய்தாள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டிலருகே உட்கார்ந்து, தானும் சாப்பிட்டாள். தான் ஒரு வாய், கஸ்தூரிக்கு ஒரு வாய். நடுவில் மருமகளைப் பற்றிப் பத்து வார்த்தை திட்டு.

எனக்குக் கோபம்தான் வந்தது. "உன் சாப்பாட்ட அப்புறம் வச்சிக்கக் கூடாதாம்மா?"

"ஒருத்தர் எதிர்ல குந்திகினு நம்ம வாயவே பாத்துகினு இருந்தா யாருக்கு சார் எறங்கும்? உங்களுக்கு எறங்குமா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. முப்பத்தொரு வருடம் கூட இருந்தவனுக்குத் திறக்காத வாய், ஒரு டிபன் பாக்ஸுக்குத் திறந்தது. அன்று முழுக்க அதையே யோசித்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்ட ஒரு வேளையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், அவள் நின்றுகொண்டே பரிமாறுவாள். மதியம் கேன்டீன். இரவு நான் டிவி முன்னால் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அவள் தனியே சமையலறையில் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியேதான். கல்யாணப் பந்திகளில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அது தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

4. ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு தேசம்மாவுக்கு லீவு. சனிக்கிழமை தேசம்மா ஊட்டியதோடு கஸ்தூரி ஒரு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிடுவாள். இரண்டு ஞாயிறு அப்படிப் போனது.

மூன்றாவது ஞாயிறு இரண்டு தட்டு எடுத்தேன். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. அவளுடையதை மிக்ஸியில் அடிக்காமல் கையால் பிசைந்து வைத்தேன். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்பூனை எடுக்காமல் என் தட்டில் கை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. தேசம்மா மாதிரித் திட்டுவதற்கு எனக்கு மருமகளும் இல்லை. பேசாமல் சாப்பிட்டேன், என் வழக்கப்படி, உருட்டி உருட்டி உள்ளே தள்ளிக்கொண்டு.

பாதித் தட்டு காலியானபோது என் மணிக்கட்டில் ஏதோ பட்டது. அவளுடைய இடது கை. கண்ணைத் திறந்து என் தட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கோணிக்கொண்டு எதற்கோ போராடியது.

"மெ... மெ..."

"இன்னா வேணும் கஸ்தூரி? தண்ணியா?"

தலையை அசைத்தாள். கையை இன்னும் இறுக்கினாள்.

"மெதுவா" என்றாள்.

விழுந்த நாளிலிருந்து அவள் முழுதாகச் சொன்ன முதல் வார்த்தை அது. வாயில் சோற்றோடு அழுதேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் என் கையை விடவில்லை. எனக்கு அந்த ஒரு வாய் இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு தன் வாயைத் திறந்தாள்.

5. கற்றுக்கொண்டது

ஐ.இ. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வெட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. லாரி நேரத்துக்குக் கிளம்பத்தான் வேண்டும். ஆனால் படிவத்தில் எழுதுவதற்கு முன், அந்த அசைவு எதற்கு என்று செய்கிறவரைக் கேளுங்கள். முத்துமாரி சொல்லத்தான் செய்தாள், நான் காதில் வாங்கவில்லை. லைன் லீடரிடம் அவள் நம்பரை வாங்கி இரண்டு முறை கூப்பிட்டேன். வேறு யாரோ எடுக்கிறார்கள். அவளிடம் சொல்லவேண்டியது என்னிடமே இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு மூன்று வேளையும் இரண்டு தட்டுதான். வேலை நாட்களில் தேசம்மாவின் டிபன் பாக்ஸும் சேர்ந்துகொள்ளும். சில மதியங்களில் சாப்பிட்டு முடிப்பதற்குள் பள்ளி வேன்கள் திரும்பிவரும் சத்தம் கேட்கும். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்தேன் என்றால் அந்தப் பகல்களில்தான்.

கஸ்தூரி போன ஆவணியில், தூக்கத்திலேயே போய்விட்டாள். இப்போது தனியாகச் சாப்பிடுகிறேன், மெதுவாகத்தான். முப்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். சேர்ந்து சாப்பிட்டது பதினான்கு மாதம்.