நேர்ந்துவிட்ட சேவல்

கீழ்பென்னாத்தூரைத் தாண்டித் திருவண்ணாமலை சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் தொங்கிய கோணிப்பைக்குள் ஒரு சேவல் இருந்தது. நான் இரண்டு மாதம் கூலிவேலை பார்த்த வீட்டு அம்மாவின் சேவல் அது. பறவைக் காய்ச்சல் வந்ததால் ஊரிலுள்ள கோழிகளையெல்லாம் மறுநாள் கொல்லப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். மகன் காய்ச்சலில் பிழைத்ததற்காக இந்தச் சேவலை அவள் முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டிருந்தாள்.

"கோயில்ல அறுக்கவேண்டியது தம்பி, வேற எவன் கையாலயும் சாவக்கூடாது. டவுன்ல என் தங்கச்சி வூட்ல வுட்டுடு. பைய மட்டும் தொறக்காத, இருட்டுல இருந்தா கூவாது."

கோழிகளை வெளியே கொண்டுபோகவிடாமல் தடுக்கப் போட்டிருந்த சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் பையில் அசைவே இல்லை. செத்துவிட்டதோ என்று பயந்து கட்டை அவிழ்த்தேன். சேவல் தலையை நீட்டி, வெயிலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூவியது.

சாவடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னாப்பா, அதையும் டவுனுக்குக் கூட்டினு போறியா?" என்றார் ஒருவர். கையுறைகளை என் மேல் எறிந்தார். "நீயே முடிச்சிடு. இல்லன்னா கேஸு."

ஒரே திருகில் முடித்தேன்.

"கை நல்லா வருதே. காலைல வா, கோழி அழிக்க ஆளு கம்மியா இருக்கு."

வேறு வேலை இல்லை. விடிந்ததும் நீல அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். எங்களை முதலில் இறக்கிவிட்டது அந்த அம்மாவின் தெருவில். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெட்டைகளை அவளே ஒவ்வொன்றாகப் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"போவட்டும். சாமிக்கு வுட்டது தப்பிச்சுது, அது போதும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

நான் அடுத்த கோழிக்குக் கையை நீட்டினேன்.