ரிஸானாவின் பதினொரு வரிகள்

வெள்ளவத்தையில் முப்பத்தொரு வருடம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பௌதிகவியல் டியூஷன் எடுத்தேன். பல்தேர்வுத் தாளில் ஐம்பது வினா, இரண்டு மணித்தியாலம். வினாவுக்கு 144 விநாடி. கல்குலேட்டர் கிடையாது. இதை நினைத்தே எனக்குப் பிரஷர் வந்தது.

தெஹிவளையிலிருந்து வந்த ரிஸானாவுக்கு அது மூன்றாவது தடவை. அதற்கு மேல் சோதனை எழுத விடமாட்டார்கள். வில்லைச் (லென்ஸ்) சூத்திரத்தில் u-வைத் தனியே எடுக்க அவள் பதினொரு வரி எழுதினாள். மற்றவர்கள் நான்கு. ஸ்டொப்வொட்சைப் பார்த்தேன்: 190 விநாடி.

"என்ன பிள்ளை, வில்லையையும் நீரே தேய்ச்சுச் செய்யிறீரோ?" என்றேன். வகுப்பு சிரித்தது. இனி ஒருவரும் நான்கு வரிக்கு மேல் எழுதக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

அடுத்த வாரத் தாளில் அவளும் நான்கு வரிதான். எனக்குப் பெருமை. வகுப்பு கலைந்த பின் பார்த்தால், அவள் இருந்த மேசையில் பென்சிலால் பொடி எழுத்து. எண்ணினேன். ஏழு வரி.

மறுநாள் கேட்டேன். "மேசையில எழுதினா கணக்கில்ல எண்டு நெனச்சன் சேர்," என்றாள். பிறகு, "அந்த ஏழு வரியையும் உட்டா எனக்கு விடை பிழைக்குது. எங்க பிழைக்குது எண்டும் வெளங்குதில்ல."

மற்றவர்களின் தாள்களைத் திரும்ப எடுத்தேன். வரிகளைத் தாண்டிப் பாய்ந்ததில், முப்பத்தேழு பேரில் பதினாறு பேர் சகக் குறியை (+) பிழைவிட்டிருந்தார்கள். சட்டத்தை வாபஸ் வாங்கினேன். பதினொரு வரியும் எழுதலாம். ஆனால் நாளுக்குப் பத்துத் தடவை.

ரிஸானா அதை 100ஆம் நம்பர் பஸ்ஸில் செய்தாள், பஸ் நிற்கும் ஹோல்ட்டுக்கு ஒன்று. ஒருநாள் ஆறாவதில் மூழ்கி, வெள்ளவத்தையைத் தாண்டிப் பம்பலப்பிட்டியில் இறங்கிப் பதினேழு நிமிடம் பிந்தி வந்தாள். வாராவாரம் கொப்பியை வாங்கி எண்ணினேன்: பதினொன்று, பத்து, மறுபடி பதினொன்று (அன்று எனக்கு நித்திரையில்லை), எட்டு, ஐந்து. எதையும் நான் வெட்டச் சொல்லவில்லை. கைக்குப் பழகிய வரி தானாக உதிர்ந்தது. கை தானாக ஓடியதும் கண்ணுக்கு ஓய்வு கிடைத்து, அது விடையைப் பார்க்கத் தொடங்கியது.

"சேர், நீங்க கணக்கில தந்த பஸ் மணிக்கு எழுநூறு கிலோமீற்றர் ஓடுது," என்றாள் ஒருநாள். "100 பஸ் அப்பிடி ஓடாது."

வினாவில் பிழை. என்னுடையது. மற்ற முப்பத்தேழு பேரும் அந்த எழுநூறுதான் விடை என்று அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தார்கள்.

சோதனைப் பெறுபேறு வந்த அன்று டெலிபோன் கோல் எடுத்தாள். "பௌதிகவியல் பி, சேர்."

வாழ்த்தினேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. வில்லைக் கணக்கு எத்தனை வரியில் வந்தது என்று விசாரித்தேன்.

"நான் எண்ணல்ல சேர்," என்றாள்.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்வது இதுதான்: வரிகளை நீங்கள் எண்ணுங்கள், வெட்டாதீர்கள். பிள்ளை எண்ண மறக்கும் நாள்வரை பொறுத்திருங்கள். எனக்குத்தான் அந்த நாள் இன்னும் வரவில்லை.