கூண்டில் வெங்காயம்

அறுபத்தெட்டில் கடம்பத்தூரில் குடியிருந்தோம். ஒரு நாள் காலை, கூண்டைத் திறந்து கிளிக்குக் கொய்யாப்பழம் வைத்துக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கணவர் கத்தினார். கூண்டை அப்படியே விட்டுவிட்டு, அவருடைய சாப்பாட்டுக் கேரியரோடு வாசலுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது கிளி இல்லை.

சாயங்காலம் வரை தெருத்தெருவாகத் தேடினேன். வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"கிளிதானே, வுடு. இன்னாத்துக்கு அழுதுகினு கீற? வேற வாங்கியாறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாங்கி வந்தது சின்ன வெங்காயம். கூண்டு சும்மாதானே தொங்குகிறது என்று அதில் கொட்டினார்.

அதற்குப் பிறகும் தினமும் காலையில் கத்தத்தான் செய்தார். சமையலுக்கு வெங்காயத்தை எடுத்ததும் கூண்டுக் கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டுத்தான் நகர்வேன். ஒரு வெங்காயம்கூடப் பறந்து போகவில்லை.