பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து ஏழாம் நம்பர் ரூமுக்கு

1. நடுநிலை காத்தேன்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எண்ணெய் வழியும் தலையோடு வந்து சாவி கேட்கிறவர்கள், அருவியில் பல்செட்டைப் பறிகொடுத்துவிட்டு என்னை முறைக்கிறவர்கள் என எல்லாரையும் சமாளித்தவன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு கம்ப்யூட்டர் பட்டியல் வேர்த்து ஊற்ற வைத்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் நான் செய்ததைச் செய்துவிட வேண்டாம்.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சி ஃபார்மை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அது போலீஸ் பார்வைக்குப் போகும். போன சாரல் சீசனில் ஒரு சனிக்கிழமை காலை, பாளையங்கோட்டையில் சட்டம் படிக்கும் ஹோதன் என்ற வெளிநாட்டுப் பெண் இரண்டு தோழிகளோடு வந்து ஏழாம் நம்பர் ரூமை எடுத்தாள். எங்கள் வழக்கப்படி லாட்ஜ் ரிஜிஸ்டரை நான்தான் நிரப்புவேன், வருகிறவர் கையெழுத்து மட்டும் போடுவார். அன்று கூட்டம் நெரித்ததால் ரிஜிஸ்டரை அவள் பக்கமே தள்ளிவிட்டேன். ‘நாடு’ என்ற கட்டத்தில் ‘சோமாலிலாந்து’ என்று எழுதிவிட்டு, தோழிகளோடு ஐந்தருவிக்குப் போய்விட்டாள்.

பாஸ்போர்ட் ஜெராக்ஸில் சோமாலியா என்று இருந்தது. கம்ப்யூட்டர் பட்டியலிலும் சோமாலியா இருந்தது. சோமாலிலாந்து எங்கும் இல்லை. மேலே உருட்டினேன், கீழே உருட்டினேன். போலி பாஸ்போர்ட், சர்வதேச வழக்கு, டி.வி.யில் என் முகம் என்று மனம் மதுரை ஜெயில் வரை போய்த் திரும்பியது. அப்போது ‘நாடற்றவர்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் சாயாமல் நடுநிலை காப்போம் என்று அதை அமுக்கி அனுப்பிவிட்டேன். டீயும் குடித்தேன்.

2. ஏட்டையா வந்தார்

மதியம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து, செங்கோட்டைக்காரரான ஏட்டையா வந்து நின்றார்.

“என்ன மேனேஜரே, பாஸ்போர்ட் நம்பர் போட்டிருக்கீரு, நாடு இல்லைன்னும் போட்டிருக்கீரு. நாடே இல்லாத பிள்ளைக்கு பாஸ்போர்ட்ட எவன்வே குடுத்தான்?”

சத்தம் கேட்டு மாடியிலிருந்து முதலாளி இறங்கினார். ஆலங்குளத்துக்காரர், குரலுக்கு மைக் தேவையில்லை. “ஏலே, என்னலே பண்ணி வச்சிருக்க? இத்தன வருசமா இங்கன உக்காந்து தேங்காயா துருவுன?”

தலை ஈரம் சொட்ட ஹோதன் உள்ளே வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. அடுத்த வாரம் அவளுக்கு விசா நீட்டிப்பு. ‘நாடற்றவர்’ என்று ஒரு பதிவு நின்றால் விசாரணை வரும், பரீட்சையும் போகும்.

“என்னய எந்த நாட்டுல போடுததுன்னு தெரியலேன்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி?” என்றாள். ஹாஸ்டல் மெஸ்ஸில் பிடித்த தமிழ். இங்கிலீஷில் திட்டியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. “நாடு இல்லாதவன்னு போட்டுட்டீயளே!”

பிறகு அவளே விளக்கினாள். 1991-இல் சோமாலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக அவள் ஊர் அறிவித்தது. சொந்த அரசாங்கம், தேர்தல், நாணயம் எல்லாம் உண்டு. ஆனால் உலக நாடுகளில் பெரும்பாலானவை ஏற்கவில்லை, அதனால் வெளியே படிக்க சோமாலியா பாஸ்போர்ட்தான் வழி. நிலையான மக்கள், எல்லை, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன் ஆகிய நான்கும் இருந்தால் அது நாடுதான், அங்கீகாரம் பிறகு வரட்டும் என்று சட்டத்தில் ஒரு கட்சி. மற்றவர்கள் ஏற்றால்தான் நாடு என்று இன்னொரு கட்சி. “நாங்க யாருன்னு நாங்க முடிவு பண்ணணுமா, மத்தவங்களா? அதான் சண்டை” என்றாள்.

ஏட்டையா தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “சி ஃபார்ம் பாஸ்போர்ட்டத்தான் கேக்குது. அதுல உள்ளதப் போடும்.”

அவளும் மறுக்கவில்லை. திருத்தக் கடிதம் எழுதி, சோமாலியா என்று மாற்றினேன். விசா தப்பித்தது.

3. சிவப்புப் பேனா

அதோடு முடிந்திருக்கும். முதலாளி ரிஜிஸ்டரைப் புரட்டி, ‘சோமாலிலாந்து’ என்று இருந்த இடத்தைக் காட்டி, சிவப்புப் பேனாவை என் கையில் திணித்தார். “இதையும் அடிலே. இல்லாத நாட்ட வச்சிக்கிட்டு நாளைக்கு யாரு பதில் சொல்லுதது?”

“அது நான் எழுதுனது” என்றாள் ஹோதன். “அடிச்சா ரூமக் காலி பண்ணுதேன்.” பையை எடுக்கத் திரும்பிவிட்டாள்.

காலையில் ஒரே அமுக்கில் அவள் நாட்டைக் காணாமல் ஆக்கியவன் நான். இரண்டாம் தடவையும் என் கையாலா? பேனாவைப் பிடித்தபடியே முதலாளியிடம் கேட்டேன்.

“முதலாளி, நம்ம லாட்ஜுக்கு லைசென்ஸ் வர எத்தன வருசம் ஆச்சு?”

“ஏலே, போலீஸ் நிக்குதுலே!”

“மூணு வருசம். அப்பவும் ஆளு தங்குனாங்க. காம்பவுண்டு சுவரு இருந்துச்சு. நீங்க அதிகாரம் பண்ணுனீங்க. பக்கத்து மெஸ்ஸோட சாப்பாட்டு ஒப்பந்தம் போட்டீங்க. நாலும் இருந்துச்சுல்லா? இப்படி ஒரு லாட்ஜே கிடையாதுன்னு சொன்ன ஆபீசர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

முதலாளி அவசரமாக ரிஜிஸ்டரை மூடினார்.

“என்ன சொன்னீரு?” என்றார் ஏட்டையா, ஆர்வமாக.

“உள்ள வந்து படுத்துப் பாரும், தெரியும்னேன்.”

ஏட்டையா சிரித்த சிரிப்பில் சாவிப்பலகை அதிர்ந்தது. “எங்க செங்கோட்டையே ஒரு காலத்துல திருவிதாங்கூர்ல கிடந்ததுதான். பாஸ்போர்ட் கட்டத்துல பாஸ்போர்ட் நம்பர் இருக்கு. மத்தத அடிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வரல” என்று தொப்பியை மாட்டிக்கொண்டார்.

சிவப்புப் பேனாவை மூடி முதலாளியின் சட்டைப் பையிலேயே செருகினேன். “நான் அடிக்க மாட்டேன். வேற ஆளு வச்சுக்கிடுங்க.” வேறு ஆள் வைக்கவில்லை. சீசனில் எவன் கிடைப்பான்? ஹோதனும் ரூமைக் காலி பண்ணவில்லை.

புதியவர்களே, ஃபார்ம் எதைக் கேட்கிறதோ அதைப் போடுங்கள். சந்தேகம் வந்தால் எதிரே நிற்கிறவரைக் கேளுங்கள். நம் பட்டியலில் இடம் இல்லை என்பதற்காக அவருக்கு நாடே இல்லை என்று தீர்ப்பு எழுதும் அதிகாரம் ரிசப்ஷனுக்குக் கிடையாது.

அடுத்த ரிஜிஸ்டரைத் தென்காசியில் அச்சடித்தபோது இரண்டு கட்டம் போடச் சொன்னேன். ஒன்று ‘பாஸ்போர்ட் தந்த நாடு’, மற்றது ‘தாங்கள் சொல்லும் நாடு’. முதலாளி வாங்கிப் பார்த்தார். என்னை முறைத்துக்கொண்டே முதல் வரியில் தன் பெயரை எழுதி, இரண்டாவது கட்டத்தில் ‘ஆலங்குளம்’ என்று போட்டார்.

அதையும் நான் அடிக்கவில்லை.