சூடு வராத பஸ்

அண்ணனின் பெட்டியைத் தூக்க ஆறு பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அன்று விடிய, நாங்கள் குடியிருக்கும் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிகளின் கார் தரிப்பிடத்தில் ஆறு பேரும் நின்றார்கள். நான். அக்காவின் புருஷன், நாங்கள் போக இருந்த பஸ் அவருடையது. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். டவுனில், குறொன்லாண்டில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர். அவருடைய தம்பி. கோவிலில் பாட்டுப் படிக்கிறவர். அதைவிட என் மனைவி. பஸ்ஸுக்குள் குடும்பங்கள். வேலைக்குப் போக இறங்கி வந்த எதிர்வீட்டு இந்தியத் தமிழரும் நின்றார்.

அண்ணன் இந்த நாட்டின் மேற்குக் கடற்கரையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கலியாணம் கட்டவில்லை. நெஞ்சுவலி வந்து அறையிலேயே முடிந்துவிட்டார். அடக்கம் அன்று பின்னேரம். மலை தாண்டி நாள் பாதி ஓடவேண்டும். மன்னாரில் இருந்து அம்மா போனில் ஒன்றுதான் கேட்டார்.

"அவனை வேற ஆக்கள் தூக்க விடாதை, தம்பி. எங்கடை ஆக்கள் தூக்கோணும்."

"ஓம் அம்மா" என்றேன்.

பஸ் பழசு. இரவு முழுக்க என்ஜினைக் கரண்டில் சூடாக்க விட்டிருந்தபடியால் ஸ்டார்ட் வந்தது. முன்கண்ணாடிக்குச் சூடு வந்தது. சீட்டுப் பக்கம் வரவில்லை. உள்ளே விட்ட மூச்சு யன்னலில் பட்டு உறைந்தது.

கடைக்காரர் கேட்டார்: "இதென்ன பஸ்ஸோ, மீன் ஏத்துற பெட்டியோ?"

சிரித்தார்கள். அண்ணன் என்ன வேலை செய்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எனக்குப் பஸ் கராஜில் கழுவுகிற வேலை. மெக்கானிக் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பியூஸ் பார்த்தேன். நல்லாயிருந்தது. டீசல் இருந்தது. தண்ணீரைச் சூடாக்கிச் சீட்டுப் பக்கம் அனுப்பும், டீசலில் எரியும் ஹீட்டரைப் போட்டேன். பற்றியது, புகை விட்டது, நின்றது. திரும்பப் போட்டேன். திரும்ப நின்றது. பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் குழாய்களைத் தொட்டேன். ஹீட்டரில் இருந்து போகிற குழாய் சுட்டது. திரும்பி வருகிற குழாய் ஐஸ். தண்ணீர் ஓடவில்லை. ஓடாத தண்ணீர் ஹீட்டருக்குள்ளேயே கொதிக்க, அது தன்னைத்தானே நிறுத்துகிறது.

காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தேன். பின்னால் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தினேன். காற்று வரவில்லை. கூழ் மாதிரி ஐஸ் வந்தது. வெள்ளை. உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து நீலம். நீலத்தைக் காணவில்லை.

"அத்தான், இதுக்குள்ளை என்ன விட்டனீங்கள்?"

"தண்ணிதான்."

"என்ன தண்ணி?"

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "கோடை லீவுக்கை மாதா கோவில் யாத்திரை போகேக்கை தண்ணி குறைஞ்சு போச்சு. சுவாமியார் மந்திரிச்ச தண்ணி பிளாஸ்டிக் கான் கானாய் இருந்தது. பஸ்ஸுக்கும் நல்லதெண்டு விட்டனான்."

"பிறகு திறந்துவிட்டிட்டு நீலத்தை ஊத்தியிருக்கலாமே."

"மந்திரிச்ச தண்ணியை நிலத்திலை திறந்து விடேலுமோ? ஆக்கள் மிதிக்கிற இடத்திலை."

நான் திருகை இறுக்கினேன்.

மனைவி வீட்டுக்கும் பஸ்ஸுக்குமாகக் கேத்தலோடு ஓடினாள். கொதிதண்ணீரைக் குழாய்மேல் ஊற்றினோம். வடிந்து நிலத்தில் ஐஸாகியது. பாட்டுப் படிக்கிறவர் அதில் வழுக்கி விழுந்தார். முழங்கால் போய்விட்டது என்று சொல்லி வீட்டுக்கு நடந்தே போனார்.

தலைவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, குஞ்சு குருமானோடை இந்தக் குளிருக்கை மலை ஏறேலாது. விளங்கும்தானே."

"கார் இருக்குத்தானே அண்ணை. தூக்கிறதுக்கு மட்டும் வாங்கோ."

"டயர் தேஞ்சுபோச்சு."

"என்ரை காரிலை வாங்கோ."

"பின்னேரம் கூட்டமொண்டு இருக்கு, தம்பி."

கடைக்காரருக்குக் கடை. அவருடைய தம்பிக்குத் தமையன் சொல்வதுதான். எல்லாரும் இறங்கினார்கள். வழிக்கென்று கட்டிய புட்டுப் பார்சல்களைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அன்று பின்னேரம் மண்டபத்தில் அண்ணனுக்காகச் செபம் சொன்னார்களாம். சனம் நிறைந்து, நல்ல சூடாக இருந்ததாம்.

நான் என் காரை எடுத்தேன். அக்கா சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் நின்றுவிட்டார், அத்தான் பின்சீட்டில் ஏறினார். ஏறச் சொல்லி நான் கேட்கவில்லை, இறங்கச் சொல்லியும் கேட்கவில்லை. மனைவி முன்னால் இருந்தாள். கதவைச் சாத்தப்போக எதிர்வீட்டுக்காரர் வந்து பிடித்தார்.

"நானும் வரேங்க. ஆபீசுக்கு லீவு சொல்லிட்டேன்."

"உங்களுக்கு அவரைத் தெரியாதே."

"உங்களைத் தெரியுமில்ல."

மலையில் பனி கொட்டியது. ஒருமுறை அத்தான், "சாமிக்குக் குற்றம் செய்யேல்லை நான்" என்றார். மனைவி ரேடியோவைப் போட்டாள்.

போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்துவிட்டது. பெட்டியில் ஆறு கைபிடிகள். அடக்கம் செய்கிற கொம்பனிக்காரர் ஆறு பேர் கையுறையோடு தயாராக நின்றார்கள். விலகச் சொன்னேன். நானும் அத்தானும் முன்னால் பிடித்தோம். எதிர்வீட்டுக்காரர் நடுவில் பிடித்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்கள் பெட்டி தூக்குவதில்லை. என் மனைவி கைப்பையைப் பனியில் வைத்துவிட்டு வந்து அவருக்கு எதிரே பிடித்தாள். கடைசி இரண்டு கைபிடிகளையும் கொம்பனிக்காரர் பிடித்தார்கள்.

அடுத்த நாள் அம்மா போன் எடுத்தார்.

"எங்கடை ஆக்கள் எத்தினை பேர் தூக்கினவை, தம்பி?"

"நாலு."